ஏழாம் வீட்டுச் சுவரின் மூச்சு

சன்னல் இடுக்கில் திணித்திருந்த பழைய பாவாடைத் துணிகளை ஒவ்வொன்றாக உருவி, குண்டாவுக்கு மேலே பிடித்து முறுக்கிப் பிழிந்து, உதறி, மறுபடியும் அதே இடுக்கில் விரலால் அழுத்தி அழுத்தித் திணித்துக்கொண்டிருந்தாள் நிரோஷா. ஆனி பிறந்து மழை இறங்கிய நாளிலிருந்து காலையில் அவள் கைக்கு முதல் வேலை அதுதான், அடுப்புகூட அதற்குப் பிறகுதான். துணி வேலை முடிந்தால் சுவர் வேலை. இவர்களுடைய ஏழாம் வீட்டுக்கும் எஸ்தர் அக்காவின் எட்டாம் வீட்டுக்கும் பொதுவாக நின்ற அந்தச் சுவரில், பின்மூலையிலிருந்து ஓதம் ஏறி, இடுப்பு உயரத்துக்கு வந்து, அங்கிருந்து பக்கவாட்டில் நடந்து, நடந்த வழியெல்லாம் எள்ளைத் தூவினதுபோல் கறுப்புப் புள்ளிகளை விட்டுப் போயிருந்தது. அவள் துடைப்பாள், அது மறுநாள் வரும். அவள் இன்னும் அழுத்தித் துடைப்பாள், அது மறுநாள் இன்னும் கொஞ்சம் கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு வரும். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. துடைத்துக்கொண்டிருந்த உள்ளங்கையைச் சுவர் மெல்ல வெளியே தள்ளியது, பிறகு மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது, பிறகு மறுபடியும் தள்ளியது. தூங்குகிற மனுசரின் வயிற்றில் கை வைத்தால் எப்படியோ அப்படி. நிரோஷா கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் துணியை அலசிக் காயப்போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. கேட்காத ஒன்றைத் தானாகப் போய்ச் சொல்லுகிற வழக்கம் அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே கிடையாது. வகுப்பில் டீச்சர் பேர் கூப்பிட்டால் "உள்ளேன்" என்று சொல்லுவதற்குள் அடுத்த பேர் போய்விடும், எட்டாவதோடு அந்தப் பேச்சும் நின்றுபோனது. அதற்குப் பின் ஆறு வருசம் தேயிலைக் கொழுந்து பறித்தாள், ஒரு வருசம் பாக்டரியில் இலை வாட்டுகிற தொட்டியில் நின்றாள், அப்புறம் பன்னீரைக் கட்டிக்கொண்டு பந்தலூருக்கு மேலே இந்த லைனுக்கு வந்தாள். பன்னிரண்டு வீடு ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கிற லைன். முன்னால் தேயிலை, பின்னால் மண்மேடு. மண்மேட்டுக்கும் பின்சுவருக்கும் நடுவே தண்ணீர் ஓடுவதற்கு வெட்டின கான் ஒன்று ஒரு காலத்தில் இருந்தது. மேடு சரிந்து சரிந்து அது தூர்ந்துபோய், அங்கே கான் இருந்தது என்பதே மறந்துபோயிருந்தது.

சன்னலை அடைத்தது நிரோஷா இல்லை, அவளுடைய நாத்தனார் தெய்வானை. பன்னீருக்குப் பத்து வயசு மூத்தவள், அம்மா இல்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள், புருசன் போன பிறகு தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டவள். நிரோஷா பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே தெய்வானை சன்னல் கதவை ஆணி வைத்து அறைந்தாள், அதன்மேல் கொழுந்துச் சாக்கைத் தொங்கவிட்டாள், சாக்கின் ஓரத்தை மைதாப் பசையும் பழைய பேப்பருமாக ஒட்டினாள். மிச்சமிருந்த இடுக்குக்கு நிரோஷாவின் பாவாடையைக் கிழித்தாள். "ஒரு நூல் காத்து உள்ள வரப்படாது, சொல்லிட்டேன்" என்றாள். நிரோஷா தலையை ஆட்டினாள். தெய்வானைக்கும் ஒரு பிள்ளை இருந்தது. பழைய லைனில், கதவில்லாத சன்னலுக்குக் கீழே படுக்கப் போட்டிருந்த மூன்று மாசப் பிள்ளை, ஒரு மார்கழி விடியலில் சில்லிட்டுக் கிடந்தது. அதைத் தெய்வானை எல்லோரிடமும் ஒரே ஒரு தடவைதான் சொல்லுவாள். நிரோஷாவிடம் கல்யாணமான மறுநாளே சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு சன்னலைப் பற்றி நிரோஷா என்ன பேச முடியும்?

ஆக, அந்த அறைக்குள் வந்தது எதுவும் வெளியே போகவில்லை. கரி அனலுக்கு மேலே கயிறு கட்டிக் குழந்தைத் துணி காயப்போட்டார்கள், அந்த ஈரம் உள்ளேயே இருந்தது. குழந்தையைக் குளிப்பாட்டிய வெந்நீரின் ஆவி உள்ளேயே இருந்தது. சாம்பிராணிப் புகை, சோறு வடித்த ஆவி, மழையில் நனைந்து வந்த பன்னீரின் சட்டையிலிருந்து ஏறின ஆவி, நாலு பேர் பேசின பேச்சின் ஈரம், எல்லாம் போக இடமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் அந்தச் சுவரில் போய் உட்கார்ந்தது. டிரங்குப் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தார்கள், பெட்டிக்குப் பின்னால் என்ன இருந்ததென்று யாரும் பார்க்கவில்லை. தண்ணீர் வெளியிலிருந்தும் வந்தது, உள்ளேயிருந்தும் வந்தது, நடுவே நின்ற சுவர் ஒரு வெள்ளிக்கிழமை மூச்சு விட ஆரம்பித்தது.

நாலாம் நாள் எஸ்தர் அக்கா வந்தாள். பாக்டரியில் வேலை பார்க்கிறவள், வாய் ஓயாதவள், லைனில் எது நடந்தாலும் முதலில் அவளுக்குத் தெரிந்துதான் பிறகு நடக்கும்.

"ஏம்மா, உங்க பக்கம் யாரு பகல்ல தூங்குறது? பன்னீரு வேலைக்குப் போகலியா?"

"போயிருக்காருக்கா."

"அப்ப இது யாரு? எஞ் சுவத்துல சாஞ்சு வெத்தல போட்டுட்டு இருந்தேன், முதுகைத் தள்ளுது. தள்ளிப் படுடின்னு சொல்ற மாதிரி."

நிரோஷா சுவரைக் காட்டினாள். எஸ்தர் காதை வைத்தாள். வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "நல்ல தூக்கம்" என்றாள் கடைசியில், மெதுவான குரலில், அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. "எழுப்பிடாத."

சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு வீடும் வந்து கேட்டுவிட்டது. முதலாம் வீட்டிலிருந்து வந்தவர்கள் ஆம்பிளை மூச்சு என்றார்கள், பன்னிரண்டாம் வீட்டிலிருந்து வந்தவர்கள் பொம்பிளை மூச்சு என்றார்கள். லைன் தலைவர் மருதபாண்டி காதில் இருந்த பஞ்சை எடுத்துவிட்டு வெகுநேரம் கேட்டு, வயசாளியும் இல்லை, பிள்ளையும் இல்லை, நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்து படுத்த ஆளின் மூச்சு என்றார். அதில் யாருக்கும் மறுப்பு இல்லை. சாமியா, பேயா என்று யாரோ ஆரம்பித்தபோது, "ரெண்டும் இல்ல. படைக்கவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம். தூங்குறத தூங்க விடுங்க, நமக்குத்தான் அந்தக் குடுப்பினை இல்ல" என்று முடித்துவிட்டார்.

அப்படித்தான் சுவர் லைனோடு ஒரு ஆளானது. அதற்கென்று வழக்கங்கள் தானாக வந்தன. ஏழாம் வீட்டிலும் எட்டாம் வீட்டிலும் யாரும் ஆணி அடிப்பதில்லை. அம்மி அரைக்கிறவர்கள் மூன்றாம் வீட்டு வாசலுக்குப் போய் அரைத்தார்கள். சுவர்ப் பக்கம் காலை நீட்டிப் படுப்பதில்லை. சண்டை போடுகிற புருசன் பெண்டாட்டி தேயிலைக்குள்ளே இறங்கிப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார்கள், போகிற வழியில் மழையில் நனைந்து பாதிச் சண்டை மறந்தும் போனது. கொழுந்துக் கூடை சுமந்து இடுப்பு பிடித்துக்கொண்ட பொம்பிளைகள் மத்தியான இடைவேளையில் வந்து, குழந்தைக்குப் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்து, சுவரில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடினார்கள். சுவர் அவர்களைத் தள்ளிவிட்டு இழுத்துக்கொண்டது, தள்ளிவிட்டு இழுத்துக்கொண்டது. கால் மணி நேரத்தில் எழுந்து, "என்னமோ உடம்பு லேசா இருக்கு" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். தூக்கமே வராத ஐந்தாம் வீட்டு ரங்கநாயகி, சுவரின் மூச்சோடு தன் மூச்சைச் சேர்த்து விட்டுப் பழகி, பதினாறு வருசத்தில் முதல் தடவையாகக் குறட்டை விட்டாள். அவள் மகள் அதைப் பார்த்து அழுதாள்.

ஆடி பிறந்து பனிமூட்டம் சேர்ந்து இறங்கினபோது சுவருக்கு லேசாக இருமல் வந்தது. லைனே பதறியது. வீட்டுக்கு வீடு போர்வை கொடுத்தார்கள், கயிறு கட்டிச் சுவரின்மேல் தொங்கவிட்டார்கள். நீலகிரித் தைலத்தைத் தேய்த்தார்கள். எஸ்தர் அக்கா அண்டாவில் துளசியும் நொச்சியும் போட்டுக் கொதிக்கவைத்துச் சுவருக்கு ஆவி பிடித்தாள், போர்வைக்கு உள்ளே அண்டாவைத் தள்ளி, வெளியே காத்துப் போகாமல் இரண்டு பேர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஆம்பிளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை செய்து, பின்பக்கம் மண்ணையும் சாம்பலையும் வாரிப் பின்சுவரோடு சேர்த்து இடுப்புக்கு மேலே குவித்தார்கள், குளிர் அண்டாமல் இருக்கட்டும் என்று. சுவர் இன்னும் ஈரமானது, இன்னும் ஆழமாக மூச்சு விட்டது. கறுப்புப் புள்ளிகள் சேர்ந்து திட்டாகி, திட்டு சேர்ந்து படையாகி, கடைசியில் பூனைக்குட்டியின் முதுகுபோலப் பொசுபொசுவென்று பச்சையும் கறுப்பும் கலந்த ரோமம் முளைத்தது. நிரோஷா துணியோடு போனபோது தெய்வானை கையைப் பிடித்தாள்.

"துடைக்காத. அது அதுக்குப் போர்வை."

"மதினி, அது பூஞ்ச..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல மதினி."

அன்றிலிருந்து நிரோஷாவின் கைக்கு அந்த வேலை இல்லாமல் போனது. வேலை இல்லாத கை சும்மா இருக்க மாட்டாமல் தலையணையைத் தட்டியது, மடித்த துணியை உதறி மறுபடி மடித்தது. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இலை வாட்டுகிற தொட்டியில் நின்ற காலத்தில் அவள் பார்த்திருக்கிறாள், கீழேயிருந்து காற்று போகும்வரை கொழுந்து வாசனையாக வாடும், காற்றாடி நின்றால் அரை மணியில் வேர்க்கும், ஒரு மணியில் சூடேறும், அதற்குப் பிறகு அள்ளினால் கறுத்து நாறி கையில் ஒட்டும். குவிந்து கிடக்கிற எதற்கும் கீழே காற்றுப் போக வேண்டும். இந்த அறைக்குள் காலையில் நுழைகிறபோது அவளுக்கு அந்த நாற்றம் வந்தது. மற்றவர்கள் அதைச் சுவரின் வாய் நாற்றம் என்றார்கள், தூங்குகிறவருக்கு வாய் நாறத்தானே செய்யும் என்றார்கள்.

ஆடி பதினெட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மிதுனாவின் நெஞ்சில் சத்தம் கேட்டது. ஐந்து மாசக் குழந்தை. முதலில் கதவுக் கீல்போலக் கீச்சென்று ஒரு சின்னச் சத்தம், பால் குடிக்கிறபோது மட்டும். பிறகு தூங்குகிறபோதும். பிறகு விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுந்தது, மூக்குத் துவாரம் விரிந்து சுருங்கியது. நிரோஷா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். சுவர் உள்ளே இழுக்கிறபோது குழந்தைக்கு மூச்சு வரவில்லை, சுவர் வெளியே விடுகிறபோதுதான் குழந்தை இழுத்தது. ஒரே அறை, இருக்கிறது கொஞ்சம் காற்று, பெரியவர் குடித்து வைத்த மிச்சத்தைச் சின்னது குடித்தது.

டிஸ்பென்சரி சிஸ்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, நெபுலைசர் வைத்தாள். பிறகு நிரோஷாவின் சேலை முந்தானையை எடுத்து மோந்து பார்த்தாள்.

"வீட்ல ஓதமா?"

நிரோஷா தலையாட்டினாள்.

"பூஞ்ச பிடிச்சிருக்கா? சன்னல் திறக்கிறதில்லையா? வாயைத் திறந்து பதில் சொல்லும்மா, உனக்கா புள்ளைக்கா வைத்தியம் பாக்குறேன் நான்?"

"அடைச்சிருக்கு சிஸ்டர்."

"நான் குடுக்கிற மருந்து இங்கேருந்து உங்க லைன் வரைக்கும்தான் வேலை செய்யும். சன்னலைத் திற. சுவத்தக் காயவை. தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாத்து அதை முதல்ல நிறுத்து, நிறுத்தாம மேல சுண்ணாம்பு அடிச்சியோ பத்து நாள்ல திரும்ப வரும். உதடு நீலமாச்சுன்னா என்கிட்ட தூக்கிட்டு வராத, நேரா கூடலூரு பெரியாஸ்பத்திரிக்குப் போ, புரியுதா?"

புரிந்தது. வீடு வருகிற வழியெல்லாம், தேயிலைக்கு நடுவே, குடைக்குக் கீழே, அந்த வார்த்தைகளை அவள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். சன்னலைத் திறக்கணும் மதினி. சிஸ்டர் திறக்கச் சொன்னாங்க மதினி. வாசலில் செருப்பைக் கழற்றியபோது தொண்டையில் இருந்தது. உள்ளே தெய்வானை, எஸ்தர், ரங்கநாயகி, இன்னும் நாலு பேர் சுவரில் சாய்ந்து ஒரே தாளத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். வார்த்தை வயிற்றுக்குப் போய்விட்டது.

"என்னம்மா சொன்னா சிஸ்டரு?"

"சளியாம்."

"பாத்தியா, சுவத்துக்கும் சளி, புள்ளைக்கும் சளி. ரெண்டுக்கும் ஒரே மருந்து, நல்லா மூடி வை" என்றாள் எஸ்தர்.

பன்னீரிடம் சொன்னாள். கொழுந்து லாரி ஓட்டுகிறவன், நல்லவன், அக்காவின் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு அவன் வாயில் முளைக்காது. "அக்கா ஒரு புள்ளையப் பறிகுடுத்தவ நிரோ. அதுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகுது?" என்று சொல்லிவிட்டு, குழந்தையின் நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பத்தொன்பது நாள் மழைக்குப் பிறகு ஒரு காலையில் வெயில் வந்தது. வெயில் வந்தால் லைனில் யாரும் உள்ளே இருக்க மாட்டார்கள். பாயும் தலையணையும் அரிசியும் மிளகாயும் மனுசருமாக எல்லாம் முற்றத்துக்கு வந்து காய்ந்தன. தெய்வானை பிரட்டுக்களத்துக்கு, அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்கப் போயிருந்தாள். நிரோஷா பால் கொடுக்க மார்பில் போட்டாள், குழந்தை வாயை வைத்துவிட்டு எடுத்துவிட்டது, அழுவதற்கு வாயைத் திறந்தது, அழுகை வரவில்லை. கீச்சுச் சத்தம் மட்டும் வந்தது. உதட்டைச் சுற்றி ஊதா நாவல்பழம் தின்ற மாதிரி நிறம்.

நிரோஷா எழுந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒற்றைக் கையால் சாக்கைப் பிடித்து இழுத்தாள். பேப்பர் கிழிந்தது, பசை பெயர்ந்தது, சாக்கு அவள் காலடியில் விழுந்தது. ஆணி அடித்த கதவை உலக்கையின் பூண் வைத்த முனையால் நாலு இடி இடித்தாள். அந்தச் சத்தத்தில் முற்றத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள், அந்த வீட்டில் இரண்டு மாசமாக யாரும் அப்படி ஒரு சத்தம் போட்டதில்லை. ஐந்தாவது இடியில் கதவு திறந்து வெளிச்சம் உள்ளே விழுந்தது. சுவர் ஒரு பெருமூச்சை உள்ளே இழுத்தது. எவ்வளவு பெரியதென்றால், கொடியில் இருந்த குழந்தைத் துணிகளும் சுவரின்மேல் போட்டிருந்த போர்வைகளும் சாய்ந்து அதன் பக்கம் பறந்தன. நிரோஷா குழந்தையின் முகத்தைச் சன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டாள். குழந்தை ஒன்று, இரண்டு, மூன்றாவது தடவை இழுத்தபோது அழுதது. முழு அழுகை.

குழந்தையோடு அவள் வெளியே வரவும், சத்தம் கேட்டு ஓடிவந்த தெய்வானை எதிரே வரவும் சரியாக இருந்தது. சன்னலைப் பார்த்தாள் தெய்வானை. அவள் முகத்தில் கோபம் வரவில்லை, வேறென்னவோ வந்தது.

"காத்து" என்றாள். "அடியே, காத்துடி."

பன்னிரண்டு வீடும் பார்த்துக்கொண்டிருந்தது. வயிற்றில் கிடந்த வார்த்தை அத்தனையும் ஒன்றாக மேலே வந்து, அதில் இரண்டுதான் வெளியே வந்தது.

"மதினி, உங்க புள்ளைக்குக் காத்து ஆகல. எம் புள்ளைக்குக் காத்தே இல்ல."

நிரோஷா குழந்தையைத் தெய்வானையின் கையில் வைத்தாள். "வெயில்ல வச்சிருங்க. உள்ள மட்டும் கொண்டு வந்துராதீங்க. நீலம் திரும்பினா அவர லாரிய எடுக்கச் சொல்லுங்க, கூடலூரு போகணும்" என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனாள்.

லைன் ஆம்பிளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குவித்த மண்ணை அவள் ஒருத்தி வெட்டித் தள்ளினாள். மேல் மண் காலை வெயிலில் லேசாக உலர்ந்திருந்தது, ஒரு முழம் போனதும் சொதசொதவென்று தண்ணீர் கோத்துக்கொண்டு வந்தது. இன்னும் அரை முழம் போனதும் மண்வெட்டி கல்லில் பட்டது, கருங்கல் பாவின பழைய கான். அதில் வருசக்கணக்கில் விழுந்த சில்வர் ஓக் மரத்துச் சருகும் மண்ணும் கட்டியாகி அடைத்துக்கொண்டிருக்க, மேட்டிலிருந்து இறங்கின மழைத் தண்ணீர் போக வழி தெரியாமல் பின்சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. அவள் அடைப்பைக் குத்தினாள். தண்ணீர் கொஞ்சம் யோசித்தது, பிறகு அசைந்தது, பிறகு கறுப்பாகக் குபுகுபுவென்று எட்டாம் வீடு, ஒன்பதாம் வீடு, பத்தாம் வீட்டுப் பின்பக்கமாக ஓடிப் பள்ளத்தில் விழுந்தது.

சேறு தோய்ந்த சேலையோடு அவள் வீட்டுக்குள் வந்தபோது வாசலை மறித்துக்கொண்டு எஸ்தர் நின்றாள். அவளுக்குப் பின்னால் கண் சிவந்து ரங்கநாயகி.

"என்ன செய்யப் போற?"

"சொரண்டப் போறேன்க்கா."

"உசிரோட இருக்கிறத சொரண்டுவியா? கொல்லப் போறியா நீ?"

"மூச்சு விடட்டும்க்கா. நான் வேண்டாங்கல. எம் புள்ளையோட பங்க விட்டுட்டு விடட்டும்."

"எனக்கு இப்பத்தாம்மா தூக்கம் வருது" என்றாள் ரங்கநாயகி. நிரோஷா எஸ்தரின் கைக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள். உள்ளே ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. தெய்வானை. குழந்தையைப் பன்னீரிடம் வெயிலில் விட்டுவிட்டு, எப்போது வந்தாளோ, டிரங்குப் பெட்டியைச் சுவரிலிருந்து தனியாளாக இழுத்து நடு அறைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தாள். பெட்டியின் முதுகிலும் ரோமம் முளைத்திருந்தது. தெய்வானை அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அழுதுக்கிட்டுதான் இருக்கு. நல்லாத்தான் அழுவுது" என்றாள், யாரிடம் என்று இல்லாமல். பிறகு, "மூக்கக் கட்டிக்க, தூசி உள்ள போகும்" என்றாள்.

மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, காயவிட்டால் பறக்குமென்று முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, தேங்காய்ச் சிரட்டையால் மேலிருந்து கீழே சுரண்டினாள் நிரோஷா. சுவர் சிலிர்த்தது. சுரண்டினதைச் சாக்கில் கட்டித் தூரமாகப் புதைத்தாள். பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தேய்த்தாள், ஊறவிட்டாள், கழுவினாள். பூஞ்சை தொட்டுக் கெட்டுப்போன பாயையும் பஞ்சுத் தலையணையையும் எரிக்கப் போட்டாள். சன்னலையும் கதவையும் திறந்து வைத்துப் பகலெல்லாம் காற்றை நடக்க விட்டாள். குழந்தையும் அவளும் பன்னிரண்டாம் வீட்டில் தங்கினார்கள், அங்கே ஓதம் இல்லை, கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். இடையில் ஒரு நாள் சேர்ந்தாற்போல மழை. அவளுக்கு உட்காரப் பிடிக்கவில்லை. பின்பக்கம் ஓடிக் கானில் கை விட்டுப் பார்த்தாள், முன்பக்கம் ஓடிச் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள், சில்லிப்பு இருக்கிறதா குறைந்ததா, குறைந்ததா இருக்கிறதா என்று நாளெல்லாம் நடந்தாள். சுவரின் மூச்சு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மெலிந்தது. பன்னிரண்டாம் வீட்டைத் தவிர லைன் அவளோடு பேசவில்லை. தண்ணீர்க் குழாயில் அவள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். முன்பென்றால் அதற்கே அவள் ஒரு வாரம் வெளியே வந்திருக்க மாட்டாள். இப்போது குடத்தைத் திரும்ப இழுத்துக் குழாய்க்குக் கீழே வைத்தாள்.

ஒன்பதாம் நாள் சுவர் உலர்ந்து வெளுத்தது. தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தால் அடிக்கிற மயில்துத்தத்தில் ஒரு பிடி எடுத்துச் சுண்ணாம்பில் கலந்து அவள் முதல் பூச்சு பூசினாள், லேசான நீலம் படர்ந்தது. பூசுகிற மட்டையைச் சட்டியில் தோய்க்கக் குனிந்தபோது, பாதித் தூக்கத்தில் இருக்கிறவர் கனைத்துக்கொள்வதுபோல் ஒரு சத்தம் கேட்டது, சுவர் முழுக்க ஒரு தடவை நெளிந்தது, பிறகு மறுபக்கமாகப் புரண்டு படுத்தது. அவ்வளவுதான். இந்தப் பக்கம் வெறும் முதுகு, அசையாத முதுகு.

"முழு மூச்சும் எம் பக்கம் வந்துருச்சு" என்று எட்டாம் வீட்டில் எஸ்தரின் சத்தம் கேட்டது. லைன் முழுக்க அங்கே ஓடியது. ரங்கநாயகி பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள். எஸ்தர் அதற்குப் போர்வை போர்த்தினாள், சன்னலை மூடினாள், இரண்டு நாள் ராஜாத்தி மாதிரி வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு வரிசை வைத்தாள், மூன்றாம் நாள் அவளே இருமினாள். நாலாம் நாள் சுவர் மூச்சை நிறுத்தி அவள் இருமலைக் கேட்டது. ஐந்தாம் நாள் ஒருவரும் பார்க்காத மத்தியானத்தில், எட்டாம் வீட்டுச் சன்னல் திறக்கிற சத்தம் நிரோஷாவுக்குக் கேட்டது.

அப்போது அவள் மிதுனாவை நீலச் சுவருக்கு ஒரு முழம் தள்ளிப் படுக்கப் போட்டு, வெயில் விழுகிற இடமாகப் பார்த்து நகர்த்தி, குனிந்து அதன் நெஞ்சில் காதை வைத்திருந்தாள். குழந்தை கூடலூருக்குப் போகாமலேயே தேறிவிட்டது, சிஸ்டர் குழாய் வைத்துப் பார்த்துச் சிரித்துவிட்டாள், ஆனாலும் நிரோஷாவின் காது நம்பவில்லை. ஒவ்வொரு மூச்சாகக் கேட்டாள். உள்ளே போனது, வெளியே வந்தது, கீச்சு இல்லை. உள்ளே போனது, வெளியே வந்தது, கீச்சு இல்லை. வாசலில் தெய்வானை அரிசி புடைத்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தாள், அவள் தலையை அசைத்ததும் மறுபடி முறத்தைத் தட்டினாள். நூறு வரைக்கும் எண்ணிவிட்டால் மனசு அடங்கிவிடும் என்று நிரோஷாவுக்குத் தோன்றியது, நூறு மூச்சில் ஒன்றுகூடச் சத்தம் போடாவிட்டால் இனி எண்ண வேண்டாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், எழுபது வந்தது, எண்பது வந்தது, தொண்ணூற்றி நாலில் குழந்தை தூக்கத்தில் சிரித்தது, தொண்ணூற்றி ஐந்து, தொண்ணூற்றி ஆறு, அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எஸ்தர் அக்கா தன் மெதுவான குரலில், "நிரோஷா, அந்த மம்பட்டியயும் செரட்டையயும் எடுத்துக்கிட்டு வா தாயி, எனக்கு எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல" என்று கூப்பிட, "இதோ வர்றேன்க்கா" என்று லைன் முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே, தொண்ணூற்றி ஏழு, காதை எடுக்க மனசில்லாமல், தொண்ணூற்றி எட்டு, எடுத்து, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்தவள், தொண்ணூற்றி ஒன்பதை எண்ணாமலேயே மம்பட்டியை எடுத்தாள்.